சுவரிலிருந்து சுட்டிக்காட்டும் கை



இத்தாலி நாட்டின் புளோரன்ஸ் நகரில், ஆர்னோ நதிக்கு அண்மையில், புனித ரெமிஜியுசின் பெயரைத் தாங்கிய ஒடுங்கிய தெரு ஒன்று உண்டு. அத்தெருவின் சுவரொன்றில் பழைய கற்பலகை ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. அதில் ஒரு கை செதுக்கப்பட்டுள்ளது. அக்கையின் விரல், அலைகளைப் போன்ற சில கோடுகளைச் சுட்டி நிற்கின்றது. 1333ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் திகதி ஆற்றுநீர் இவ்வளவு உயரத்திற்கு ஏறியது என்பதே அக்கல் சொல்லும் செய்தி.

அதே சுவரில், அதற்கும் மேலே, இன்னொரு பலகை இருக்கிறது. அதில் உள்ள ஆண்டு 1966. மாதமும் திகதியும் அதே நவம்பர் 4. ஆறு நூற்றாண்டுகளாக அந்தக் கை சுட்டிக்காட்டிக்கொண்டே இருந்தது. அதன் கீழ் மக்கள் நடந்தார்கள், வணிகம் செய்தார்கள், பிள்ளைகளை வளர்த்தார்கள். நதியோ மறுபடியும் வந்தது. முன்னரிலும் உயரமாக வந்தது.

நினைவு என்பது எதற்காக? இவ்வாரம் இக்கேள்வியை உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகின்றேன்.

நின்றுபோன கடிகாரங்கள்

1966 நவம்பர் 4 ஒரு வெள்ளிக்கிழமை. முதலாம் உலகப் போரின் வெற்றியை நினைவுகூரும் தேசிய விடுமுறை நாள். மழை முந்திய நாள் முழுவதும் விடாது பெய்திருந்தது. விடிந்ததும் வேலைக்குச் செல்லத் தேவையில்லை என்ற நிம்மதியோடு நகரம் உறங்கியது. விடியலுக்கு முன்னரே ஆர்னோ கரைகளை மீறித் தெருக்களில் புகுந்தது. காலை 7.26க்கு மின்சாரம் தடைப்பட்டது. நகரின் மின்கடிகாரங்கள் அந்த நிமிடத்திலேயே நின்றுவிட்டன. அந்நாளை வாழ்ந்தவர்கள் பலர் அந்த நேரத்தை இன்றும் மறக்கவில்லை.

அவர்களுடைய நினைவுகளில் மீண்டும் மீண்டும் வருவது நீரின் பேரிரைச்சல். அடுத்து வருவது நாற்றம். குளிர்காலம் நெருங்கியிருந்ததால் வீடுகளைச் சூடாக்கும் எண்ணெயை நிலவறைத் தாங்கிகளில் நிரப்பி வைத்திருந்தார்கள். தாங்கிகள் உடைந்து எண்ணெய் நீரோடு கலந்தது. வெள்ளம் சென்ற இடமெல்லாம் சுவர்களில் கரிய கோடொன்று பதிந்தது. திருச்சிலுவைப் பேராலயத்தைச் சூழ்ந்த தாழ்வான பகுதியில் சில இடங்களில் நீர் 6 மீற்றருக்கும் மேல் உயர்ந்தது. அப்பகுதியில் கைவினைஞர்களும் சிறு வியாபாரிகளும் வாழ்ந்தார்கள். கீழ்த்தளத்தில் பட்டறை, மேலே வீடு என்பது அவர்களது வாழ்க்கை. தலைமுறைகளாகச் சேர்த்த கருவிகள் ஒரே காலையில் சேற்றுக்குள் போயின.

ஆனால் மேல்மாடிகளின் கதவுகளும் அன்று திறந்தன. அதுவரை படிக்கட்டில் தலையசைத்ததோடு நின்ற அயலவர்கள் ஒரே அறையில், ஒரு மெழுகுதிரி வெளிச்சத்தில் இரவைக் கழித்தார்கள். இருந்த உணவைப் பகிர்ந்துகொண்டார்கள்.

சொல்லப்பட்டவர்களும் சொல்லப்படாதவர்களும்

இந்நினைவுகளில் ஆறாத புண்ணாக நிற்பது ஒன்று உண்டு. நதியின் குறுக்கே உள்ள பழைய பாலத்தின் இருமருங்கிலும் பொற்கடைகள் இருக்கின்றன. நள்ளிரவு கடந்த வேளையில் நீர் ஏறுவதைக் கண்ட இரவுக் காவலாளி, கடைச் சொந்தக்காரர்களுக்குத் தொலைபேசியில் அறிவித்தார். அவர்களில் பலர் ஓடிவந்து நகைகளை அள்ளிச் சென்றார்கள். அந்தக் காவலாளி தம் கடமையை உண்மையாகச் செய்தார். அவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் உறங்கிக்கொண்டிருந்த நகரத்திற்கு எச்சரிக்கை மணி எதுவும் ஒலிக்கவில்லை. பொன்னுக்குக் காவல் இருந்தது; ஏழையின் பட்டறைக்கும் நோயாளியின் படுக்கைக்கும் அது இருக்கவில்லை.

நகரிலும் சுற்றுப்புறங்களிலும் 35 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் நடக்க இயலாத ஒரு பெண்மணி. அவருடைய வீட்டு ஜன்னலுக்கு இரும்புக் கம்பிகள் இடப்பட்டிருந்தன. அவரை வெளியே எடுக்க முயன்றவர்களால் அக்கம்பிகளை வெல்ல முடியவில்லை. நீர் ஏறிக்கொண்டே இருந்தது. திருடர்களைத் தடுக்க இட்ட கம்பி, மீட்க வந்தவர்களைத் தடுத்தது.

அன்பர்களே, இந்த இடத்தை விரைந்து கடந்துவிட வேண்டாம். அந்த ஜன்னலின் முன் சற்றே நில்லுங்கள்.

சேற்றில் இறங்கிய வானதூதர்கள்

நீர் வடிந்தபோது நகரில் எஞ்சியது சுமார் 600,000 தொன் சேறு. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் ஆளுக்கு ஒரு தொன்னுக்கும் மேல். திருமுழுக்கு ஆலயத்தின் புகழ்பெற்ற வெண்கலக் கதவின் 10 பலகைகளில் 5 பெயர்ந்திருந்தன. நதியோரத்துத் தேசிய நூலகத்தில் ஏறக்குறைய பத்து இலட்சம் நூல்களும் ஏடுகளும் சேறாகிக் கிடந்தன.

அவ்வேளையில் இளைஞர்கள் வந்தார்கள். இத்தாலியின் பல பாகங்களிலிருந்தும் அயல்நாடுகளிலிருந்தும், பலர் எவரும் அழைக்காமலேயே வந்தார்கள். புகையிரத நிலையத்தில் நின்ற பெட்டிகளில் உறங்கினார்கள். நூலகத்தின் நிலவறையிலிருந்து மேல்தளம் வரை வரிசையாக நின்று, நனைந்த நூல்களை ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குக் கொடுத்தார்கள். புகையிலை உலர்த்தும் சூளைகளில் அந்நூல்கள் காயவைக்கப்பட்டன. இவ்விளைஞர்களுக்கு நகரம் இட்ட பெயர் 'சேற்றின் வானதூதர்கள்'. சிறகில்லாத, வெண்ணாடை இல்லாத, தலை முதல் கால் வரை சேறு பூசிய வானதூதர்கள்! நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2006இல், நரைத்த தலைகளோடு அவர்களில் பலர் அந்நகருக்குத் திரும்பி வந்தார்கள்.

அவ்வாண்டு நத்தார் நள்ளிரவுத் திருப்பலியை, நம் பெற்றோர் ஆறாம் சின்னப்பர் என்று அழைத்த பாப்பரசர் புனித ஆறாம் பவுல், உரோமையை விட்டுப் புளோரன்ஸ் பேராலயத்திற்கே சென்று ஒப்புக்கொடுத்தார். சேற்றின் மணம் மாறாத நகரில், மாட்டுக்கொட்டிலில் பிறந்த பாலகனின் விழா! அதைவிடப் பொருத்தமான இடம் வேறெது?

மறைக்கப்படாத காயம்

திருச்சிலுவைப் பேராலயத்தின் உணவு மண்டபத்தில், 13ஆம் நூற்றாண்டில் சிமாபுவே என்னும் ஓவியர் மரத்தில் தீட்டிய, 4 மீற்றருக்கும் உயரமான பாடுபட்ட சிலுவை இருந்தது. வெள்ளத்தில் மரம் ஊறிப் பருத்தது. ஆண்டவருடைய திருமுகமும் திருவுடலும் துகள் துகளாக உதிர்ந்தன. மிதந்த வர்ணத் துகள்களை நீரிலும் சேற்றிலும் இருந்து அரித்தெடுத்தார்கள். ஆயினும் ஓவியத்தின் ஏறக்குறைய 60 சதவீதம் மீளாமலே போயிற்று.

பத்து ஆண்டுகள் உழைத்து அதைப் பழுதுபார்த்தவர்கள், அழிந்த பகுதிகளைப் புதிதாக வரைந்து பழையது போல் காட்டவில்லை. இழந்த இடங்களை மெல்லிய நிறக்கோடுகளால் மட்டும் நிரப்பி, இழப்பை இழப்பாகவே விட்டுவைத்தார்கள். 1976இல் அச்சிலுவை காயத்தோடு திரும்பி வந்தது. இன்று அது பேராலயத்தின் திருப்பண்ட அறையில் தொங்குகின்றது.

உயிர்த்த ஆண்டவரும் தம் காயங்களை மறைக்கவில்லை அல்லவா? தோமையாருக்கு அவற்றைக் காட்டினார். ஆறாத கோபமாக அல்ல. விசுவாசத்தைப் பிறப்பிக்கும் சான்றாகக் காட்டினார்.

அதே வெள்ளத்தில் வசாரி வரைந்த இறுதி இராவுணவு ஓவியமும் மூழ்கியது. ஐம்பது ஆண்டுகள் கழிந்து, சரியாக 2016 நவம்பர் 4 அன்று அது மீண்டும் திருச்சிலுவைப் பேராலயத்தில் வைக்கப்பட்டது. இம்முறை, வெள்ள அபாயம் நேர்ந்தால் அதை உடனே உயரே தூக்கிவிடும் பொறியொன்றையும் பொருத்தினார்கள். கண்ணீராக இருந்த நினைவு, காவலாக மாறியது.

நம் வீட்டுச் சுவர்

களனி கங்கை பெருகிய 2016 மே மாதத்தையும், டித்வா புயல் நாட்டைப் புரட்டிய 2025 நவம்பரையும் கண்ட நமக்கு இது தூரத்து நகரின் கதையன்று. நம்மில் பலருடைய வீட்டுச் சுவரிலும் நீர் நின்ற கோடு ஒன்று இருக்கக்கூடும். வீட்டுக்குப் புதுவர்ணம் பூசும்போது அதை அழித்துவிட மனம் துடிக்கும். அழிப்பதில் தவறில்லை. ஆனால் ஓரிடத்திலேனும், ஒரு விரலளவாவது, அதை விட்டுவையுங்கள். திகதியை எழுதுங்கள். பிள்ளைகளை அருகே அழைத்து, அன்று நம்மைத் தூக்கிவிட்ட கை யாருடையது என்று சொல்லிக்கொடுங்கள்.

அத்தோடு இன்னொன்றையும் செய்யுங்கள். உங்கள் ஒழுங்கையில் நடக்க இயலாதவர் எவர், தனித்து வாழும் முதியவர் எவர், தொலைபேசி இல்லாதவர் எவர் என்று இவ்வாரமே அறிந்துகொள்ளுங்கள். மழை வலுக்கும் இரவில் அவருடைய கதவைத் தட்டுவது யார் என்பதைக் குடும்பமாகக் கூடி இன்றே தீர்மானியுங்கள். நம்முடைய பொன்னைப் பத்திரப்படுத்திய பின் அவரை நினைப்பதல்ல, அவரை நினைத்த பின் பொன்னை நினைப்பதே கிறிஸ்தவ ஒழுங்கு.

ஆண்டவரே, எங்கள் சுவர்களில் உள்ள கோடுகள் எங்கள் துன்பத்தை மட்டும் சொல்லாமல், அயலவரின் கதவை நோக்கி எங்கள் கையை நீட்டச் செய்வனவாக. ஆமென்.