ஒரு காலத்தில் ஜொகூரின் செல்வம் மிளகு: உங்கள் வீட்டு மசாலா டப்பாவில் இருப்பவை எந்த ஊர்?

ஜொகூர் மாநிலச் சின்னத்தை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு புலிகள் நிற்கும் இடத்துக்குக் கீழே இலையும் கொடியுமாக ஓர் அலங்காரம் இருக்கும். அது சும்மா டிசைன் இல்லை. ஒன்று மிளகு, இன்னொன்று காம்பீர். ரப்பரும் செம்பனையும் வருவதற்கு முன்னால் இந்த மாநிலத்துக்குச் சோறு போட்ட பயிர்கள் இவை.

ஜொகூர் பாருவில் வளரும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு மிளகு என்றால் அம்மா வைக்கும் ரசம்தான் ஞாபகம் வரும். ஆனால் இங்கே மிளகு விளைந்த கதையில் தமிழர்கள் பெரும்பாலும் இல்லை. அதே போல, "இந்திய மசாலா"னு நாம் அழைக்கும் பல பொருட்களின் சொந்த ஊர் இந்தியாவும் இல்லை. அப்படியானால் எது எங்கிருந்து வந்தது? கடையில் எதைப் பார்த்து வாங்குவது? எதை எப்போது சட்டியில் போடுவது?

ஜொகூரில் மிளகு எப்படி வந்தது?

மிளகுக் கொடியின் தாயகம் இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலை. பண்டைய எகிப்தின் மன்னர் இரண்டாம் ராம்சேஸின் உடலைப் பதப்படுத்தியபோது மூக்கில் மிளகு வைத்திருக்கிறார்கள். அவர் இறந்து 3,200 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்தக் கொடி காலப்போக்கில் சுமத்ரா, ஜாவா என்று நம் பக்கமும் பரவியது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் சீன விவசாயிகள் மிளகையும் காம்பீரையும் சேர்த்தே பயிரிட்டார்கள். காம்பீர் இலையைக் கொதிக்க வைத்து எடுக்கும் சாறு தோல் பதனிடவும் சாயம் போடவும் பயன்பட்டது. கொதித்து முடிந்த இலைச் சக்கை மிளகுக் கொடிக்கு உரமானது. ஒரு பயிரின் குப்பை இன்னொரு பயிருக்குச் சாப்பாடு.

பிரச்சினை என்னவென்றால், காம்பீர் மண்ணின் சத்தைச் சீக்கிரம் உறிஞ்சிவிடும். அடுப்புக்கு விறகும் நிறைய வேண்டும். சிங்கப்பூரில் நல்ல நிலமும் காடும் குறையத் தொடங்கின. 1840களில் ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் டாயெங் இப்ராஹிம், அந்த விவசாயிகளை நீரிணைக்கு இந்தப் பக்கம் அழைத்தார். ஆற்றங்கரை நிலத்தைத் திறக்க 'சூராட் சுங்கை' என்ற அனுமதிப் பத்திரம் கொடுத்தார். அந்தக் குடியிருப்பின் தலைவருக்கு 'காங்சூ' என்று பெயர். பெரும்பாலும் தியோச்சூ சீனர்கள்.

காங்கார் பூலாய், காங்கார் தெப்ராவ் ஆகிய ஊர்ப் பெயர்கள் அந்தக் காலத்தின் மிச்சம்தான். ஜொகூர் பாருவில் காபி குடிக்கப் போகிற ஜாலான் டான் ஹியோக் நீ, ஒரு பெரிய காங்சூவின் பெயரைத் தாங்கிய தெரு. இந்த முறை 1917இல் சட்டப்படி முடிவுக்கு வந்தது. அதற்குள் ரப்பர் காலம் தொடங்கிவிட்டது. தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில் ஜொகூர் தோட்டங்களுக்கு வந்தது அந்த ரப்பருக்காக. தங்கள் சமையலுக்கு வேண்டிய மசாலாவையும் பழக்கத்தையும் கூடவே கொண்டு வந்தார்கள்.

இன்று மலேசிய மிளகின் மிகப் பெரும்பகுதி சரவாக்கில் விளைகிறது. ஜொகூரில் அது பெரும்பாலும் சின்னத்திலும் ஊர்ப் பெயர்களிலும்தான் இருக்கிறது.

எது இந்தியா, எது வெளியூர்?

மிளகு, ஏலக்காய், மஞ்சள் மூன்றும் நம் ஊர்ப் பக்கம். ஏலக்காயும் மேற்குத் தொடர்ச்சி மலைச் செடிதான். ஆனா இன்று உலகச் சந்தைக்கு அதிகமாக ஏலக்காய் அனுப்பும் நாடுகளில் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா முன்னணியில் இருக்கிறது. மஞ்சளில் ஈரோட்டுக்குத் தனி இடம். 'ஈரோடு மஞ்சள்' 2019இல் புவிசார் குறியீடு பெற்றது.

மல்லி, சீரகம், சோம்பு, வெந்தயம் நான்கும் மத்தியதரைக் கடல், மேற்கு ஆசியப் பகுதிகளைச் சேர்ந்தவை. எகிப்தில் துட்டன்காமன் கல்லறையிலேயே மல்லி விதை கிடைத்திருக்கிறது. பெருங்காயம் ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கம் வளரும் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பால். கிராம்பு இந்தோனேசியாவின் மாலுக்கு தீவுகளில் பிறந்தது. நாம் சமையலில் போடுவது அதன் மலராத மொட்டு. அன்னாசிப்பூ தென்சீனா, வியட்நாம் பக்கம்.

மிளகாய்? தமிழ்ச் சமையலே அதுதான் என்று நினைப்போம். ஆனால் அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன் நம் சமையலில் காரத்துக்கு மிளகுதான் பிரதானம். புதிதாக வந்த காய்க்கு நம் ஆட்கள் 'மிளகு' என்ற பழைய சொல்லோடு 'காய்' சேர்த்துப் பெயர் வைத்துவிட்டார்கள். மலாய்க்காரர்களும் இதையே செய்தார்கள். 'லாடா' என்றால் மிளகு, 'லாடா மேரா' என்றால் சிவப்பு மிளகாய்.

இன்னொரு சொல்லும் இருக்கிறது. சங்க இலக்கியத்தில் மிளகுக்கு 'கறி' என்று பெயர். பின்னால் அதுவே மசாலா போட்ட உணவைக் குறிக்கும் சொல்லாகி, மலாயில் 'காரி' ஆனது. இத்தாலிய ஸ்பகெட்டியோடு பரிமாறும் ஜொகூர் லக்சாவின் குழம்பிலும் மீன் கறித்தூள் விழுகிறது. மல்லி, மிளகாய், சோம்பு, சீரகம், வெந்தயம், மஞ்சள்னு அந்தத் தூளுக்குள் வழக்கமாக இருப்பவற்றைப் பிரித்துப் பார்த்தால் மூன்று கண்டங்கள் வந்துவிடும்.

கடையில் குழப்பும் பெயர்கள்

அம்மா லிஸ்டில் 'சீரகம்' என்று எழுதியிருப்பார். சூப்பர் மார்க்கெட் பாக்கெட்டில் மூன்று 'ஜிந்தான்' இருக்கும். 'ஜிந்தான் பூத்தே' என்பது சீரகம். 'ஜிந்தான் மானிஸ்' என்பது சோம்பு, அதாவது பெருஞ்சீரகம். 'ஜிந்தான் ஹீத்தாம்' என்பது கருஞ்சீரகம். ரசத்துக்குச் சீரகத்துக்குப் பதிலாகச் சோம்பு போட்டால் ரசம் இனிப்பு வாசனை அடிக்கும்.

இதைவிடப் பெரிய குழப்பம் 'பூங்கா லாவாங்'. காதில் விழும்போது நம் 'லவங்கம்' மாதிரியே இருக்கும். ஆனால் அது அன்னாசிப்பூ. லவங்கம், அதாவது கிராம்பு வேண்டுமென்றால் 'பூங்கா செங்கே' கேட்க வேண்டும். பட்டைக்குக் 'காயு மானிஸ்', ஏலக்காய்க்குப் 'புவா பெலாகா'. இந்த நான்கையும் சேர்த்து மலாய் சமையலில் 'ரெம்பா எம்பாட் பெராடிக்', அதாவது நான்கு உடன்பிறப்புகள் என்பார்கள். நம் பிரியாணியில் முதலில் எண்ணெயில் விழும் கூட்டமும் இதேதான்.

பட்டையிலும் இரண்டு வகை. மெல்லிய ஏடுகள் பல சுருண்டு, கையால் நொறுக்கினால் உடைந்தால் அது இலங்கைப் பட்டை. தடிப்பாக, ஒரே சுருளாக, கட்டை மாதிரி இருந்தால் அது காசியா வகை. குழம்புக்குக் காசியா தாங்கும். ஆனால் அதில் கூமரின் என்ற பொருள் அதிகம். தினமும் பட்டைத்தூளைப் பானத்தில் கலந்து குடிக்கிற பழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதிக அளவில் தொடர்ந்து சாப்பிட்டால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்படலாம்.

பெருங்காயத்துக்கும் ஒரு எச்சரிக்கை. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பது வழக்கம். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது.

எதை எப்போது போடுவது?

மசாலாவின் வாசனை பெரும்பாலும் எண்ணெயில்தான் நன்றாகக் கரையும், தண்ணீரில் அல்ல. தாளிப்பதற்கான காரணமே அதுதான். மிளகாயின் காரமும் அப்படித்தான். வாய் எரியும்போது தண்ணீரைவிடப் பாலும் தயிரும் உதவுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தாளிக்கும்போது கடுகு முதலில். அது வெடித்து அடங்கிய பிறகு சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை. வெந்தயம் கருகினால் முழுக் குழம்பும் கசக்கும், அதனால் நிறம் லேசாக மாறும்போதே அடுத்ததைப் போட்டுவிட வேண்டும். பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ ஆகியவை மெதுவான சூட்டில் எண்ணெயில் கிடக்கலாம். தூள் வகைகள் சட்டென்று கருகும். வெங்காயம், தக்காளி வதங்கி ஈரம் வந்த பிறகு போட்டால் பயமில்லை. மிளகுத்தூளை மட்டும் கடைசியில் தூவுங்கள். நேரம் போகப் போக அதன் வாசனை ஆவியாகிவிடும்.

நம் ஊர் ஈரக் காற்றில் மசாலா சீக்கிரம் கட்டி தட்டும், பூஞ்சையும் பிடிக்கும். அடுப்புக்கு மேலே உள்ள அலமாரி வசதியானதுதான், ஆனால் அந்தச் சூடும் ஆவியும் மசாலாவுக்கு எதிரி. ஈரக் கரண்டியை டப்பாவுக்குள் விடாதீர்கள். பழைய தூள் நன்றாக இருக்கிறதா என்று தெரிய, உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்துத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். வாசனை வரவில்லை என்றால் குழம்பிலும் வராது.

ஜொகூர் பாருவில் சனி, ஞாயிறு ஜாலான் உங்கு புவான் பக்கம் போனால், மளிகைக் கடையில் முழு மசாலாவைத் தனித்தனியாகக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்து வாங்கலாம். அம்மாவோ பாட்டியோ கூட வந்தால் இன்னும் நல்லது. எந்தக் குழம்புக்கு எது எவ்வளவு என்ற அளவு பல வீடுகளில் எங்கும் எழுதப்படவில்லை. அது அவர்கள் கையில்தான் இருக்கிறது. கேட்டு, ஃபோனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.