எதிர்வீட்டுக்கு வந்தது, எனக்கு ஏன் வரவில்லை?

2023 செப்டம்பர் நடுவில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கைப்பேசி சிணுங்கியது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை முதன்முறையாக வங்கிக் கணக்குகளில் விழுந்துகொண்டிருந்தது. மாதம் 1,000 ரூபாய். வாசலில் நின்று ஒருவருக்கொருவர் குறுஞ்செய்தியைக் காட்டிக்கொண்டார்கள். தையல் வேலை செய்யும் அக்கா ஒருவர் மட்டும் வெளியே வரவில்லை. அவருடைய விண்ணப்பம் தள்ளுபடி ஆகியிருந்தது. மாலையில் என்னிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: “எதிர்வீட்டுல ஏசி ஓடுது. அவளுக்கு வருது. ஒரு ஃபேனுக்குக் கீழ உக்காந்து தைக்கிற எனக்கு வரல. இது என்ன நியாயம்?”

அந்தக் கேள்வி அவருடையது மட்டுமல்ல. அப்போது வந்த விண்ணப்பங்கள் ஏறத்தாழ 1.63 கோடி. ஏற்கப்பட்டவை ஏறத்தாழ 1.06 கோடி. ஐம்பது லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் ஏதோ ஒரு காரணத்தால் வெளியே நிறுத்தப்பட்டார்கள். அவர்களில் பலருக்கும் முதலில் கண்ணில் பட்டது பக்கத்து வீடுதான். ‘அவள் ஆளைப் பிடித்துவிட்டாள்’, ‘கட்சிக்காரன் வீடு’, ‘கிராம நிர்வாக அலுவலருக்குச் சொந்தம்’. சில இடங்களில் இந்தச் சந்தேகம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலான நேரம் அநியாயம் ஆளிடம் இல்லை, விதியில் இருக்கிறது. விதியில் இருக்கும் அநியாயத்தைப் பக்கத்து வீட்டோடு சண்டை போட்டுத் தீர்க்க முடியாது.

அக்காவின் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். 2023இல் வகுத்த விதிகளின்படி, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நன்செய் நிலம் 5 ஏக்கருக்கும், புன்செய் 10 ஏக்கருக்கும் மேல் போகக் கூடாது. வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் அடங்க வேண்டும். வருமான வரி கட்டுகிற குடும்பம், அரசு ஊழியர் குடும்பம், சொந்தப் பயன்பாட்டுக்குக் கார் வைத்திருக்கும் குடும்பம் ஆகியவை விலக்கப்பட்டன. விண்ணப்பிக்கும் பெண்ணுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒரு ரேஷன் அட்டைக்கு ஒரு பெண்தான்.

3,600 யூனிட் என்றால் இரண்டு மாதப் பில்லுக்குச் சராசரியாக 600 யூனிட். ஒரு குடும்பத்துக்கு இது தாராளம். அக்கா குடியிருக்கும் வீட்டிலோ மூன்று குடித்தனம், ஒரே மீட்டர். மூன்று வீட்டு விளக்கும், மூன்று வீட்டு மிக்ஸியும், கீழே ஓடும் தண்ணீர் மோட்டாரும் ஒரே இணைப்பு எண்ணில் ஏறுகின்றன. வீட்டுக்காரர் ஒவ்வொரு குடித்தனத்திடமும் யூனிட்டுக்கு இவ்வளவு என்று கையால் கணக்குப் போட்டு வாங்கிக்கொள்கிறார். கணினிக்குத் தெரிவது அந்த ஒரே எண்தான். எதிர்வீட்டுக்குத் தனி மீட்டர், நான்கு பேர். கோடையில் இரவு ஏசி ஓடினாலும் ஆண்டுக் கணக்கு எல்லைக்குள் நிற்கிறது. வறுமையை அளக்க வந்த விதி மீட்டரை அளந்துவிட்டுப் போய்விட்டது.

இப்படிப்பட்ட பொறிகள் இன்னும் இருக்கின்றன. கூட்டுக் குடும்பத்தில் மாமியாரும் இரண்டு மருமகள்களும் ஒரே அட்டையில் இருந்தால், மூவரும் கூலி வேலைக்குப் போனாலும் ஒருவருக்குத்தான் தொகை. எவருக்கு என்பது அந்த வீட்டுக்குள் யாருக்கு அதிகாரம் இருக்கிறதோ அதைப் பொறுத்தது. மைத்துனன் கடனுக்கு வாங்கிய கார் கணவர் பெயரில் பதிவாகியிருந்தால், அந்தக் காரில் ஒருநாளும் ஏறாத பெண்ணும் ‘கார் உள்ள குடும்பம்’ ஆகிவிடுவார். இந்தக் குறைகளைச் சொல்லிச் சொல்லித்தான் 2025இல் சில விதிகள் தளர்ந்தன. அரசு மானியத்தில் வாங்கிய நான்கு சக்கர வாகனத்தைக் காரணம் காட்டி விலக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. விதி கல்லில் வெட்டியதல்ல. மனுக்கள் குவிந்தால் அது நகரும்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எந்தத் திட்டத்தில் சல்லடை அதிகமோ, அந்தத் திட்டத்தில் ஏழைகள்தான் அதிகம் கீழே விழுகிறார்கள். வசதி உள்ளவருக்குச் சான்றிதழ் வாங்கத் தெரியும், அலைய நேரமும் இருக்கும். 1997இல் ரேஷன் முறையை வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தபோது தமிழ்நாடு அந்தப் பிரிவினையைத் தன் கடைகளுக்குள் விடவில்லை. அரிசி அட்டை வைத்திருக்கும் எல்லாருக்கும் அரிசி என்ற நிலை தொடர்ந்தது. 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2016 நவம்பரில் இங்கே நடைமுறைக்கு வந்த பிறகும், அந்தச் சட்டத்துக்குள் வராத அட்டைகளுக்கும் மாநிலம் தன் செலவில் அரிசி கொடுக்கிறது. அரிசி விஷயத்தில் ‘அவளுக்கு உண்டு, எனக்கு இல்லை’ என்ற சண்டை நம் தெருக்களில் பெரும்பாலும் கேட்காததற்குக் காரணம் இதுதான். சல்லடை கடுமையாக இருக்கும் இடத்தில் என்ன நடக்கும் என்பதை ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டம் 2017இல் காட்டியது. ஆதாருடன் இணைக்கவில்லை என்று ரேஷன் அட்டை நீக்கப்பட்ட ஒரு குடும்பத்தில் 11 வயதுச் சிறுமி இறந்துபோனாள். பட்டினியால்தான் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அடுத்த மாதமே, ஆதார் இல்லை என்பதற்காக எந்த அட்டையையும் நீக்கக் கூடாது என்று ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. அந்தக் கடிதம் அந்தச் சிறுமிக்குப் பயன்படவில்லை.

சரி, உங்களுக்கு மறுக்கப்பட்டுவிட்டது. என்ன செய்யலாம்?

முதல் வேலை, மறுத்த காரணத்தைத் தெரிந்துகொள்வது. ‘வரவில்லை’ என்பது காரணம் அல்ல. ‘மேலே இருந்து நிறுத்திட்டாங்க’ என்று கவுண்டரில் சொல்வதும் காரணம் அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் 4(1)(ஈ) பிரிவு, நிர்வாக முடிவால் பாதிக்கப்படுபவருக்கு அந்த முடிவுக்கான காரணத்தைத் தெரிவிக்க வேண்டியது அலுவலகத்தின் கடமை என்கிறது. நீங்கள் கேட்காமலே சொல்ல வேண்டியது அது. அதே 4ஆம் பிரிவு, மானியத் திட்டங்கள் எப்படி நடக்கின்றன, எவ்வளவு ஒதுக்கப்பட்டது, பயனாளிகள் யார் என்ற விவரங்களை அலுவலகமே வெளியிட்டு வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பயனாளிப் பட்டியல் ரகசிய ஆவணம் அல்ல.

தகவல் மனு எழுதுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. ‘எனக்கு ஏன் தரவில்லை?’ என்று கேட்டால், விளக்கம் கேட்பது தகவல் கேட்பது ஆகாது என்று மனுவைத் திருப்பிவிடுவார்கள். ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். இப்படி:

“எனது விண்ணப்ப எண் இன்னது, நாள் இன்னது. இந்த விண்ணப்பத்தின் மீது அலுவலகக் கோப்பில் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல். களஆய்வு நடந்த நாள், ஆய்வு செய்தவரின் பதவி, அவர் கொடுத்த அறிக்கையின் நகல். என் விண்ணப்பத்தை நிராகரிக்கப் பயன்படுத்திய அரசாணையின் எண், நாள், நகல்.”

பொதுத் தகவல் அலுவலர், இன்ன வட்டாட்சியர் அலுவலகம் என்று முகவரியிட்டு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி விரைவுத் தபாலில் அனுப்பினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர் சான்று இணைத்தால் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாளுக்குள் முதல் முறையீடு, அதற்கும் பலன் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் முறையீடு. ஆணையத்தில் காலம் இழுக்கும். ஆனால் பல கோப்புகள் முதல் மனு போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அசைந்ததை நான் பார்த்திருக்கிறேன். களஆய்வு அறிக்கையின் நகலைக் கேட்கிறார் என்றால், ஆய்வே நடக்காத இடத்தில் யாராவது கிளம்பிப் போய் ஆய்வு செய்தாக வேண்டும்.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவருக்கு முதியோர் ஓய்வூதியம் ஏழு மாதம் நின்றுபோயிருந்தது. மாதம் 1,200 ரூபாய்தான். அதில் ஒன்றிய அரசின் பங்கு, 80 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வெறும் 200 ரூபாய். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்த 200 உயரவே இல்லை. எத்தனை பேருக்கு அந்தப் பங்கு என்பதற்கும் மாநிலவாரியாக உச்சவரம்பு இருக்கிறது. மீதியை மாநிலம் போடுகிறது. பெரியவர் ஒவ்வொரு மாதமும் வங்கிக்குப் போய்ப் பாஸ்புக்கில் பதிந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். வங்கியில் கேட்டால் ‘தாலுகாவுல கேளுங்க’, தாலுகாவில் கேட்டால் ‘வங்கியில கேளுங்க’. கோப்பின் நகல் வந்தபோது அதில் ஒரு வரி இருந்தது: ‘முகவரியில் வசிக்கவில்லை’. ஆய்வுக்கு வந்த நாளில் அவர் பேத்தியின் காதுகுத்துக்குப் போயிருந்தார். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் அந்த நகலையும் ஆதாரையும் ரேஷன் அட்டையையும் வைத்து ஒரு பக்க மனு கொடுத்த பிறகு தொகை மறுபடி வந்தது. ஒரு வரியைப் படிக்க ஏழு மாதம்.

இரண்டாவது வேலை, காலக்கெடுவை விடாமல் மேல்முறையீடு செய்வது. உரிமைத் தொகையில் நிராகரிப்புக் குறுஞ்செய்தி வந்ததிலிருந்து 30 நாளுக்குள், ஆர்.டி.ஓ. என்று நாம் சொல்லும் வருவாய்க் கோட்டாட்சியரிடம் இ-சேவை மையம் வழியாக முறையிடலாம் என்று வைத்திருந்தார்கள். ‘போட்டா மட்டும் கிடைச்சிடுமா’ என்று விட்டவர்கள் பலர். ஆனால் 2023 நவம்பரில் ஏழு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் புதிதாகச் சேர்க்கப்பட்டார்கள். முதல் தீர்ப்பு முடிந்த தீர்ப்பு அல்ல என்பதற்கு அந்த எண்ணிக்கையே சாட்சி. மேல்முறையீட்டுக் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது தகவல் மனுவின் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள். தெரிந்த காரணத்தை வைத்து முறையீட்டைப் போட்டுவிடுங்கள், ஆவணம் வந்ததும் சேர்த்துக்கொள்ளலாம்.

ரேஷன் கடையில் விரல் ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பினால் அங்கேயே நில்லுங்கள். கண் கருவிழிப் பதிவு, கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி., பதிவேட்டில் கையொப்பம் என்று மாற்று வழிகள் உண்டு. படுக்கையில் இருக்கும் முதியவருக்காக வேறொருவர் பொருள் வாங்கக் கடையிலேயே அங்கீகாரப் படிவம் கொடுக்கலாம். வயது முதிர்ந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே கொண்டுவந்து தரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்ட்டில் தொடங்கியது. கடைக்காரரோடு வாக்குவாதம் செய்வதைவிட 1967க்கு அழைத்துப் புகார் எண் வாங்குவது பலன் தரும். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை வட்ட அளவில் ரேஷன் குறைதீர் முகாம் நடக்கிறது. பெயர் சேர்த்தல், நீக்கல், முகவரி மாற்றம் எல்லாம் அங்கே பார்க்கலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் அட்டைதாரருக்கு உரிய தானியம் கொடுக்கப்படாவிட்டால், அதற்கு ஈடாகப் பணம் கேட்கும் உரிமையும் அந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் இருக்கிறது. மாவட்டக் குறைதீர் அலுவலரும், அவருக்கு மேலே மாநில உணவு ஆணையமும் அதற்காகத்தான்.

மற்ற எல்லாவற்றுக்கும் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தின் மக்கள் குறைதீர்க்கும் நாள், முதல்வரின் முகவரி உதவி எண் 1100. எங்கே மனு கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள். சீட்டு இல்லாத மனு, கொடுக்காத மனு. எதுவுமே நடக்காதபோது, நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள், அல்லது 15100ஐ அழையுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எதுவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் உண்டு. மனுவின் மீது முடிவெடுக்க உத்தரவிடும்படி உயர் நீதிமன்றத்தை நாடவும் அவர்கள் உதவுவார்கள்.

ஏமாற்றத்தோடு நிற்பவரைத் தேடி வருபவர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களிடம் கவனம் தேவை. ‘500 ரூபா குடுங்க, லிஸ்ட்ல பேர் சேர்த்துடறேன்’ என்பவருக்குப் பட்டியலில் கை வைக்கும் அதிகாரமே இல்லை. ‘உங்க ஆயிரம் ரூபா நிக்குது, ஓ.டி.பி. சொல்லுங்க’ என்ற அழைப்பு அரசிடமிருந்து வராது. சொல்லிவிட்டீர்கள் என்றால் அந்த நிமிடமே 1930க்கு அழையுங்கள். ஊருக்கு வரும் வங்கி முகவரின் கருவியில் விரல் வைக்கும்போது ஒவ்வொரு முறையும் ரசீது கேளுங்கள். ‘சரியா விழல, இன்னொரு தடவை வைம்மா’ என்பதில் இரண்டு முறை பணம் போக வாய்ப்புண்டு. ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைந்ததோ அந்தக் கணக்குக்குப் பணம் போய்விடுவதும் உண்டு. ‘வரவில்லை’ என்று அழுத பலருக்கு, மறந்துபோன பழைய கணக்கில் பணம் கிடந்தது. கடைசியாக ஒன்று: கிடைக்கவேண்டுமே என்று பொய் வருமானம், பொய்த் தனிக்குடித்தனம் எழுதிக் கொடுக்காதீர்கள். பிடிபட்டால் உண்மையான காரணத்துக்கும் மதிப்பு போய்விடும்.

தகுதியில்லாதவர் வாங்குவது உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால்? கேட்கலாம், கேட்க வேண்டும். ஊரகப் பகுதியில் அதற்கு ஏற்ற இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. ஒன்றிய அரசின் ஊரக வீட்டுவசதித் திட்டத்தின் காத்திருப்போர் பட்டியல் கிராம சபையில்தான் சரிபார்க்கப்பட வேண்டும். மாடி வீட்டுக்காரர் பெயர் அதில் இருந்தால் அங்கே எழுந்து, பதிவேட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். பின்னால் பேசுவது பொறாமை ஆகிவிடும், பதிவேட்டில் ஏறியது ஆட்சேபணை.

தையல் அக்கா இ-சேவை மையத்தில் காரணத்தைத் தெரிந்துகொண்டார். வீட்டுக்காரரிடம் மின் பில்லும், மூன்று குடித்தனத்தின் வாடகை ஒப்பந்தங்களும் கேட்டார். வீட்டுக்காரர் முதலில் தயங்கினார், ஒப்பந்தம் எழுதினால் வரிப் பிரச்சினை வருமோ என்ற பயம் அவருக்கு. ஒரு வாரம் போய் நின்று வாங்கினார். முறையீட்டோடு இணைத்தார். ஆய்வுக்கு வந்தவர் மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒற்றை மீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். நவம்பரில் அவருக்கு முதல் தொகை வந்தது.

அதே மீட்டரில் இருந்த மற்ற இரண்டு குடித்தனங்களும் நிராகரிக்கப்பட்டிருந்தன. ஒருவர் விண்ணப்பித்ததையே மறந்திருந்தார், இன்னொருவர் முறையிடவில்லை, கெடு முடிந்திருந்தது. அடுத்த திங்கள்கிழமை அக்கா தையல் மெஷினை மூடி வைத்துவிட்டு, அந்த இருவரையும் கூட்டிக்கொண்டு, தன் முறையீட்டின் நகலையும் கையில் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் பேருந்து ஏறினார். மூன்று ஒப்புகைச் சீட்டோடு மாலையில் திரும்பினார்கள், அந்த இருவர் பெயரிலும் ஒவ்வொன்று, மூன்று வீட்டுக்கும் தனித்தனி மீட்டர் கேட்டு எழுதிய மனுவுக்கு ஒன்று.