லாரி புக்கிங் ஆபீசில் ஒரு நாள்

தறியிலிருந்து அறுத்த துணியும் களத்திலிருந்து அள்ளிய மஞ்சளும் சங்கத்தின் கிடங்கைக் கடந்த பின் யார் பொறுப்பில் செல்லுகின்றன என்பதை நம் அங்கத்தினரில் பலர் நேரில் கண்டதில்லை. ஈரோட்டில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் காலை முதல் இரவு வரை அமர்ந்து அதனைக் கண்டு வந்தோம்.

வண்டிகளை அனுப்பும் பொறுப்பாளர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். எட்டு மணிக்கு வந்ததும், முந்திய இரவு புறப்பட்ட லாரிகளின் டிரைவர்களைத் தொலைபேசியில் அழைக்கிறார். "எங்கண்ணா இருக்கீங்க? டீ குடிச்சாச்சுங்களா?" என்று தொடங்குவார். அவர் அறிய விரும்புவது தேநீரைப் பற்றியன்று; குரலில் தூக்கக் களைப்பு உண்டா என்பதே. உண்டெனில், "ரெண்டு மணி நேரம் படுத்துட்டு எடுங்கண்ணா" என்று சொல்லி, சரக்குக்குரியவரிடம் தாமதத்திற்கான ஏச்சைத் தாமே வாங்கிக் கொள்கிறார்.

பத்து மணிக்குமேல் சரக்கு வரத் தொடங்குகிறது. துணி இடத்தை அடைக்கும், எடை காட்டாது. துணியை மட்டும் ஏற்றினால் வண்டி நிறைந்தும் வாடகை கட்டாது. ஆகவே கோவைப் பம்பு போன்ற கனச் சரக்கை அடியில் பரப்பி, எண்ணெய்ப் பசை படாமல் படுதா விரித்து, அதன்மேல் பேல்களை அடுக்கச் செய்கிறார். கடைசியில் இறங்குவது முதலில் ஏறவேண்டும். மஞ்சள் மூட்டையைத் துணியோடு ஏற்ற அவர் ஒப்புவதேயில்லை. கறையும் வாசனையும் பற்றிவிடுமாம். (மஞ்சள் விளைவிப்போர் கோபிக்க வேண்டாம்!) இரண்டு அச்சு லாரிக்கு 2018 முதல் மொத்த எடை 18.5 டன் வரை அனுமதி உண்டு. அதற்கு மேலும் நாலு மூட்டை ஏற்றச் சொல்லி மன்றாடிய வியாபாரி ஒருவர் வெறுங்கையுடன் திரும்பினார்.

பிறகு எழுத்து வேலை. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு வெளிமாநிலம் செல்ல, சில விலக்குகள் நீங்கலாக, 2018 ஏப்ரல் முதல் ஈ-வே பில் வேண்டும். நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர் என்பது அதன் தவணைக் கணக்கு. 1,300 கிலோமீட்டருக்கு 7 நாள். வழியில் வண்டி பழுதாகிச் சரக்கை வேறு லாரிக்கு மாற்றினால், அதன் எண்ணையும் பதிய வேண்டும். நள்ளிரவிலும் அதற்காக இவரை எழுப்புகிறார்கள்.

சங்க நிர்வாகிகள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. சில ஆண்டுகளுக்கு முன், நாம் தணிக்கை செய்த ஒரு சங்கத்தின் நான்கு பேல் படுக்கை விரிப்புகள் மழையில் நனைந்து வீணாயின. மதிப்பு 1,80,000 ரூபாய். வாடகை 1,600 ரூபாய். கிடைத்ததோ 16,000 ரூபாய்! கூடுதல் பொறுப்புக் கட்டணம் செலுத்த அனுப்புவோர் ஒப்பியிராவிட்டால், 2007ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழமைந்த விதிகளின்படி வாடகையின் பத்து மடங்குதான் பொறுப்பு. கூடுதல் கட்டணமோ சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும். வழக்கிடலாமென்றால், புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். சங்கம் ஏழாம் மாதத்தில்தான் விழித்துக் கொண்டது. அந்த விரிப்புகளை நெய்தவர்களின் போனஸ் அவ்வாண்டு பாதியாயிற்று. தணிக்கைக் குறிப்பில் அதை எழுதிய நமக்கே கை கூசியது.

இதனைப் பொறுப்பாளரிடம் கூறினோம். அவர் வியப்படையவில்லை. "மதிப்பை எழுதுங்கன்னு சொன்னா, வாடகை ஏறிப்போகும்னு விட்டுடறாங்க சார்" என்றார்.

மாலையில் ஒரு கைத்தறிச் சங்கத்தின் எழுத்தர் ஆறு பேல்களுடன் வந்தார். அனுப்புச் சீட்டில் மதிப்புக்குரிய கட்டம் வெறுமையாயிருந்தது. பொறுப்பாளர் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுச் சீட்டைத் திருப்பி நீட்டினார். எழுத்தர் சங்கச் செயலாளருக்குத் தொலைபேசி செய்தார். சற்று நேரம் பேசிய பின் பேனாவைத் திறந்தார்.

ஒன்பது மணிக்குத் தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டி, லாரி புறப்பட்டது.