பிரசவம் முடிந்த பிறகு இரண்டு மணி நேரம்

குழந்தை அழுதாயிற்று, நஞ்சுக்கொடியும் விழுந்தாயிற்று என்றதும் வீட்டார் பார்வை குழந்தை பக்கம் திரும்பிவிடும். தாயைக் கண்ணும் கருத்துமாகக் கவனிக்க வேண்டிய நேரம் அதுதான்.

நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் திறந்திருக்கும். கர்ப்பப்பை இறுகிச் சுருங்கினால்தான் அவை மூடும். சுருங்காமல் தளர்ந்து கிடந்தால் உதிரம் கொட்டும். சிகிச்சை கிடைக்காவிட்டால் இரண்டு மணி நேரத்தில்கூட உயிர் போகலாம். ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவருக்கு அந்த அவகாசமும் இல்லை. 2023-ல் உலகில் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்த பெண்கள் சுமார் 2,60,000 பேர். அவர்களில் பலரின் உயிரைப் பறித்தது இந்த உதிரப்போக்குதான்.

ஏழைக் கிராமங்களில் இந்த நேரம் எங்கே கரைகிறது? செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற ஆய்வாளர்கள் 1994-ல் மூன்று தாமதங்களைச் சுட்டிக்காட்டினார்கள். முதலாவது, கிளம்புவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதில். ‘கெட்ட ரத்தம்தானே, போகட்டும்’ என்பார்கள். வேலைக்குப் போன கணவர் திரும்பட்டும் என்பார்கள். இரண்டாவது, வண்டியும் சாலையும் இல்லாமல் வழியில். மூன்றாவது, மருத்துவமனைக்கு வந்த பிறகு டாக்டருக்கும் ரத்தத்துக்கும் காத்திருப்பதில்.

குழந்தை பிறந்தவுடன் போடும் ஆக்சிடோசின் ஊசி கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிறது. ஆனால் அதைக் குளிரில் வைக்க வேண்டும். மின்சாரம் நிற்காத குளிர்பெட்டி இல்லாத ஊரில் மருந்து வீரியம் இழக்கும். அதனால்தான் வெப்பம் தாங்கும் கார்பெடோசின் ஊசியும் மிசோபுரோஸ்டால் மாத்திரையும் அங்கே கைகொடுக்கின்றன.

இன்னொரு சிக்கல், போன ரத்தத்தைக் கண்ணால் பார்த்துக் குறைவாகக் கணிப்பது. கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில், அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் ரத்தத்தைப் பிடித்து அளந்தார்கள். அளவு மீறியதும் வயிற்றை நீவுதல், ஊசி, ரத்தக்குழாயில் ஏற்றும் திரவம் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அல்லாமல் ஒருசேரத் தொடங்கினார்கள். கடுமையான உதிரப்போக்கு, அதையொட்டிய அறுவை சிகிச்சை, மரணம் ஆகியவை மொத்தத்தில் 60 சதவீதம் குறைந்தன என்று 2023-ல் முடிவு வெளியானது.

குடும்பத்தார் செய்யக்கூடியது முதல் இரண்டு தாமதங்களைக் குறைப்பது. எந்த மருத்துவமனை, எந்த வண்டி, யார் துணை, யார் ரத்தம் கொடுப்பார் என்பதை எட்டாம் மாதத்திலேயே பேசி வையுங்கள். பிரசவித்தவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலோ, தலைசுற்றி வியர்த்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். கணவர் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டாம்; அவர் நேராக மருத்துவமனைக்கு வரட்டும்.