கடை வண்டியின் பிரேக்: கவனிக்கிறோமா?

தராசு முத்திரைக்கு ஒரு தேதி, கடை உரிமத்துக்கு ஒரு தேதி, இன்சூரன்ஸ் கட்ட ஒரு தேதி என்று எல்லாவற்றையும் காலண்டரில் குறித்து வைக்கிறோம். ஆனால் கடை வாசலில் நிற்கும் வண்டியின் பிரேக்கைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று கேட்டால், நம்மில் பலருக்குப் பதில் வராது. வண்டி ஓடினால் போதும் என்றிருக்கிறோம்; அது நிற்கவும் வேண்டும் என்பது விபத்து நடந்த பிறகுதான் நினைவுக்கு வருகிறது.

1980ல் டி.வி.எஸ். 50 மொபெட் வந்த நாளிலிருந்து சிறு வணிகரின் சுமையைத் தாங்குவது இரு சக்கர வாகனங்கள்தான். மயிலாப்பூர் மாட வீதிகளிலும், தி.நகர் உஸ்மான் ரோட்டிலும், அடையாறு எல்.பி. ரோட்டிலும் அரிசிச் சிப்பமும் எண்ணெய் டின்னும் ஏற்றிய வண்டிகளைக் காணாத நாளில்லை. கொள்முதலுக்கும் டோர் டெலிவரிக்கும் அதுவே துணை. இரண்டாம் கட்ட மெட்ரோ பணிகளுக்காக வைத்த தடுப்புகளால் குறுகிப்போன சாலைகளில், பத்தடிக்கு ஒரு முறை பிரேக் பிடித்தே போக வேண்டியிருக்கிறது. அதனால் தேய்மானமும் அதிகம்.

சுமை கூடினால் என்ன ஆகிறது?

ஆளும் மொபெட்டும் சேர்ந்து சுமார் 150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 25 கிலோ சிப்பம் நான்கு ஏற்றினால் 250 கிலோ. அதே வேகத்தில் வண்டியை நிறுத்த, பிரேக் செய்ய வேண்டிய வேலை மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடுகிறது. வேகம் இன்னும் பொல்லாதது. 20 கிலோமீட்டர் வேகம் 40 ஆனால் அந்த வேலை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குள் வண்டி 11 மீட்டர் போய்விடும். குறுக்கே வருபவரைப் பார்த்து நாம் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே இவ்வளவு தூரம் கடந்துவிடுகிறது. ஆகவே கையேட்டில் சொல்லியுள்ள சுமைக்கு மேல் ஏற்றாதிருப்பதே முதல் பராமரிப்பு.

டிரம்மும் டிஸ்க்கும்

மொபெட்டிலும் சாதாரண ஸ்கூட்டர்களிலும் பெரும்பாலும் டிரம் பிரேக். இதில் தேய்வது பிரேக் ஷூ. வெளியிலிருந்து ஷூ தெரியாது. ஆனால் பல வண்டிகளில் டிரம் மூடியின் மேல் ஒரு முள்ளும் ஒரு குறியும் இருக்கும். பிரேக்கை முழுதும் பிடிக்கும்போது முள் குறியைத் தொட்டால் ஷூ தேய்ந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகும் நட்டை முறுக்கி முறுக்கி ஓட்டுவது ஆபத்து.

மோட்டார் சைக்கிள்களின் முன் சக்கரத்தில் இப்போது டிஸ்க் பிரேக் பரவலாகிவிட்டது. இதில் தேய்வது பிரேக் பேடு. பேடின் நடுவே ஒரு பள்ளக்கோடு இருக்கும். அது மறைந்துவிட்டாலோ, தேயும் பகுதி 2 மில்லிமீட்டருக்குக் குறைந்தாலோ மாற்றிவிட வேண்டும். உலோகம் உரசும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்தால் டிஸ்க்கும் கீறிப்போகும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை பல ஆயிரத்துக்குப் போய்விடும்.

125 சி.சி. வரையுள்ள புதிய வண்டிகளில் முன், பின் பிரேக்குகள் சேர்ந்து பிடிக்கும் அமைப்பும், அதற்கு மேற்பட்டவற்றில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும் 1.4.2019 முதல் கட்டாயமாக்கப்பட்டன. இவையெல்லாம் இருந்தாலும் ஷூவும் பேடும் தேய்ந்திருந்தால் பயனில்லை.

மளிகைக் கடைக்கே உரிய தொல்லைகள்

நம் வண்டிகளுக்குத் தனியாகச் சில சங்கடங்கள் உண்டு. கசியும் எண்ணெய் டின் முதல் எதிரி. நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ பேடிலும் ஷூவிலும் ஊறிவிட்டால் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். கைப்பிடியில் தொங்கவிடும் பைகள் பிரேக் லீவரை முழுதும் பிடிக்க விடாமல் தடுக்கும். மூட்டை கட்டிய சணல் கயிற்றின் நுனி சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும்.

சாந்தோம், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றால் பிரேக் கேபிள் துருவேறி இறுகிவிடும். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் இறங்கி வந்தால் டிரம்முக்குள் நீர் புகுந்து பிரேக் பிடிக்காது. தண்ணீரைக் கடந்ததும் மெதுவாக ஓட்டிக்கொண்டே இரண்டு மூன்று முறை இலேசாகப் பிரேக் பிடித்து உலர்த்திய பிறகே வேகம் கூட்ட வேண்டும்.

மாற்றும்போது கவனிக்க

புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகங்கள் மலிவாகக் கிடைக்கும். கண்ணாடிக்கும் மட்கார்டுக்கும் அது சரி. ஷூவுக்கும் பேடுக்கும் ஆகாது. போலிச் சரக்கால் நாமே நஷ்டப்பட்டவர்கள். நம் வண்டிக்குப் போலியை வாங்கலாமா? பிரேக் லைனிங் தயாரிப்பில் நம் சென்னைக்கு நல்ல பெயர் உண்டு. பாடியிலும் அம்பத்தூரிலும் பல பத்தாண்டுகளாக இத்தொழில் நடந்து வருகிறது. பில்லுடன், வண்டி மாடலுக்கு உரியதை, ஆஸ்பெஸ்டாஸ் கலக்காததாகப் பார்த்து வாங்குவோம்.

"நல்லா பிடிக்கணும்" என்று உலோகத்தூள் கலந்த சின்டர் பேடு போடச் சிலர் சொல்வார்கள். சுமைக்கும் சூட்டுக்கும் அது தாங்கும் என்பது உண்மை. ஆனால் அதற்கென்று செய்யாத டிஸ்க்கில் போட்டால் டிஸ்க் சீக்கிரம் தேயும். தயாரிப்பாளர் சொன்ன வகையே நல்லது. டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் மாட்டுவதும் சிறு வேலையல்ல. அந்தச் செலவைப் புது வண்டிக்கு வைத்துக்கொள்ளலாம். புதிய பேடு போட்டபின் முதல் 100, 200 கிலோமீட்டர் வரை முழுச் சுமை ஏற்றாமல், திடீர்ப் பிரேக் போடாமல் ஓட்டினால் நன்றாகப் படியும். உள்ளே படிந்த தூசியை வாயால் ஊதவோ காற்றடிக்கவோ கூடாது; ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

டிஸ்க் பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மூடியில் டாட் 3, டாட் 4 என்று எழுதியிருப்பதையே ஊற்ற வேண்டும். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கிறோம் அல்லவா? அதற்கு முன் ஒரு நாள் மெக்கானிக்கிடம் விட்டு பிரேக்கைப் பார்த்துவிடுவோம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கும் அதுவே சரியான சமயம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988ன் 190ஆவது பிரிவை முதலாளிகள் அவசியம் அறிய வேண்டும். ஆபத்து விளைவிக்கக்கூடிய குறையுள்ள வண்டியை ஓட்டுபவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்தவரும், ஓட்ட அனுமதித்தவரும் குற்றவாளியே. சாதாரணக் கவனத்தில் தெரிந்திருக்கக்கூடிய குறை என்றால், "எனக்குத் தெரியாது" என்பது செல்லாது. அதனால் விபத்தில் ஒருவர் காயமடைந்தால் சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. "பிரேக் கொஞ்சம் கம்மியா இருக்குண்ணே" என்று கடைப் பையன் சொன்ன பிறகும் அவனைச் சரக்கோடு அனுப்புவது எவ்வளவு பெரிய தவறு என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவன் ஒரு வீட்டுப் பிள்ளை. நம்மை நம்பி வேலைக்கு வந்தவன்.

ஒவ்வொரு திங்களும் கடை திறந்ததும் ஐந்து நிமிடம்:

1. இரு பிரேக்கையும் பிடித்து வண்டியைத் தள்ளிப் பாருங்கள், நகரக் கூடாது.
2. லீவர் கைப்பிடியைத் தொடும் அளவுக்கு வரக் கூடாது.
3. டிரம் முள், பேடு கனம், ஆயில் மட்டம் பாருங்கள்.
4. கேபிளில் பிரிந்த இழை உண்டா என்று பாருங்கள்.
5. ஓட்டுபவரிடம் "பிரேக் எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். குறை சொன்னால், அது சரியாகும்வரை வண்டியை வெளியே அனுப்பாதீர்கள்.

இந்த ஐந்தையும் ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி வைத்தால், கொள்முதல் கணக்கைப் போலவே இதுவும் நம் கையில் இருக்கும்.