ஞானப்பல் எடுத்தாச்சா? மூணு நாள் கவனம் மக்கா!

டிப்ளமோ படிக்கிற வயசும் ஞானப்பல் முளைக்கிற வயசும் ஏறக்குறைய ஒன்றுதான். 17-இல் தொடங்கி 25-க்குள் வரும். கடைசியாக வருவதால் தாடையில் இடம் இருக்காது. வடசேரி பஸ் ஸ்டாண்டில் காலை பஸ்ஸில் கடைசியாக ஏறுகிறவன் கதைதான்: சாய்ந்தோ, ஒருக்களித்தோ எங்கேயாவது ஒடுங்க வேண்டியது. அப்படி மாட்டிய பல் பழுத்து வீங்கினால் எடுத்துத்தான் ஆகவேண்டும்.

பல் போன குழியில் ரத்தம் உறைந்து கட்டியாக நிற்கும். அதை அழுக்கு என்று நினைத்துத் துப்புகிறவர்கள் உண்டு. சிவில் மாணவர்களுக்குச் சொன்னால் புரியும், அது புதிதாகப் போட்ட கான்கிரீட். இறுகும் முன் மிதித்தால் போச்சு! கட்டி பெயர்ந்தாலோ கரைந்தாலோ அடியில் உள்ள எலும்பு வெளியே தெரியும். இதுதான் ‘டிரை சாக்கெட்’. 1896-இல் கிராஃபோர்ட் என்பவர் இந்தப் பெயரில் எழுதினார். மற்ற பற்களுக்கு நூற்றில் சிலருக்கே வரும் இது, கீழ்த்தாடை ஞானப்பல்லுக்கு 30 பேர் வரை வருவதாகச் சில ஆய்வுகள் சொல்லுகின்றன.

சாதாரண வீக்கம் இரண்டு, மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். குறைந்த வலி மூணாம் நாள் வாக்கில் திரும்பக் கிளம்பி, காது வரை குத்தி, வாயும் நாறினால் அது டிரை சாக்கெட்டாக இருக்கலாம்.

யாருக்கு வரும்? முதல் ஆள் சிகரெட், பீடி பார்ட்டி. நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். இழுக்கிற இழுப்பில் வாய்க்குள் ஒரு சக்‌ஷன் பம்பே ஓடும். சாயாக்கடை சகவாசத்தை மூணு நாளாவது நிறுத்து, ஒரு வாரம் என்றால் ரொம்ப நல்லது. ஸ்ட்ரா போட்டு சர்பத் உறிஞ்சினாலும் அதே பம்புதான். இளநீரை டம்ளரில் ஊற்றிக் குடியேன்! முதல் நாள் வாய் கொப்பளிக்கவே கூடாது. மறுநாள் முதல் இளஞ்சூடான உப்புத் தண்ணீரை வாயில் மெதுவாக அசைத்து, தானாக வழிய விட்டால் போதும்.

கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும், ஏற்கெனவே அந்த ஈறு பழுத்தவர்களுக்கும், பல் துலக்கச் சோம்பல் படுகிறவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். எலும்பைக் குடைந்து வெகுநேரம் பாடுபட்டு எடுத்த பல்லும் அப்படியே. வயசு ஏற ஏற எலும்பு இறுகும், வேர் முழுசாக வளர்ந்துவிடும். அதனால் நம் வயசில் எடுப்பது கொஞ்சம் சுலபம். அதற்காகச் சும்மா கிடக்கிற பல்லைப் பிடுங்கச் சொல்லவில்லை. நோயில்லாத ஞானப்பல்லை முன்கூட்டியே எடுக்க வேண்டாம் என்று பிரிட்டனில் 2000-லேயே வழிகாட்டுதல் வந்தது.

இன்னொரு விஷயம் நரம்பு. கீழ்த்தாடைக்குள் வயரிங் பைப் போல ஒரு குழாயில் நரம்பு ஓடுகிறது. பல்லின் வேர் அதைத் தொட்டுக்கொண்டிருந்தால், எடுத்தபின் உதடும் தாடையும் மரத்துப் போகலாம். பெரும்பாலும் சில வாரம், சில மாதத்தில் சரியாகும். அபூர்வமாக நிலைத்தும் விடும். ஆகவே எக்ஸ்ரே எடுக்கும் செலவுக்கு முகம் சுளிக்காதீர்கள். சர்க்கரை நோய் இருந்தாலோ, ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ முதலிலேயே டாக்டரிடம் சொல்லணும்.

டிரை சாக்கெட் வந்தால் டாக்டர் குழியைக் கழுவி மருந்துத் துணி வைப்பார். அதில் வருவது கிராம்பு வாசனை. யூஜினால் என்ற கிராம்புச் சத்துதான். 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற நம்ம கன்னியாகுமரி கிராம்பிலும் இருப்பது அதேதான். ஆனால் மாறாமலையிலிருந்து வந்த சுத்தமான எண்ணெய் என்று வீட்டில் யாராவது நேராகக் குழியில் ஊற்ற வந்தால் வாயைத் திறக்காதே, சதை வெந்துவிடும்.

பஞ்சை அரை மணிக்கூர் அழுத்திக் கடித்தும் ரத்தம் நிற்கவில்லை, காய்ச்சல் அடிக்கிறது, வாய் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்கக் கஷ்டம் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ராத்திரியே ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.