யானைமேல் துஞ்சிய இளவரசன்
கி.பி. 949இல், இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்துத் தக்கோலத்தில், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனை எதிர்த்துப் பொருத சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேலேயே உயிர்துறக்க, தலைவனை இழந்த சோழப்படை நிலைகுலைந்தது.

அவனைக் கொன்றவன் கிருஷ்ணனின் துணைவனான கங்க மன்னன் இரண்டாம் பூதுகன் என்று, பெங்களூரு கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்திலுள்ள ஆதகூர் நடுகல், அதாவது மாண்டோர் நினைவாக நடப்படும் கல், கன்னடத்தில் கூறுகிறது. சோழரின் லெய்டன் செப்பேடோ கிருஷ்ணனின் அம்புகளைச் சுட்டுகிறது.

வியப்பு யாதெனில், இக்கல் எழுந்தது இளவரசனுக்காகவோ வென்றவனுக்காகவோ அன்று: பூதுகனின் வீரன் மணலேரன் வளர்த்த, காட்டுப்பன்றியோடு பொருது அதனுடன் தானும் மடிந்த, காளி என்னும் வேட்டைநாய்க்காக.